கீழ்வரிசைக் கட்டங்கள்

கொடியில் கிடந்த நாலு சட்டையையும் மடித்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது, சவரச் சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றியாகிவிட்டது, ஜன்னல் விளிம்பில் இருந்த மாத்திரை அட்டைகளை முந்தானையில் முடிந்தாகிவிட்டது, இனிமேல் படுக்கையைச் சுருட்டிக் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்திவிட்டால் இது ஆள் இருக்கிற அறை என்று யாருக்கும் தோன்றாது என்று நினைத்துக்கொண்டேதான் செண்பகவல்லி தலையணையைத் தூக்கினாள். அடியில் அந்தப் புத்தகம் கிடந்தது. செங்கல் கனத்துக்கு இருந்தது. எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சாத்தூர்க்காரர்கள் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மகனுக்குப் பெண் பார்த்துப் பேசியாகிவிட்டது, ஜாதகமும் கூடிவிட்டது, இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடித்தால் கை நனைத்துவிட்டுப் போவார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறுவதில்லை. கேசரி கிளறி மூடி வைத்திருக்கிறாள். கொஞ்சம் அடிப்பிடித்த வாசனை வந்ததோ என்று ஒரு சந்தேகம். கேஸை அணைத்தோமா என்று இன்னொரு சந்தேகம். கீழே அவள் புருஷன் சண்முகவேல் ஒரு வேட்டியைக் கட்டி அவிழ்த்து இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருப்பார். மகன் பொன்ராம் சென்னையில் வேலையில் இருக்கிறான். அவன் வர வேண்டிய சடங்கு இல்லை இது. மீதி ஒரு ஆள்தான். சண்முகவேலின் தம்பி வெயிலுமுத்து. இருபத்தேழு வருஷமாக இந்த மாடியறையில் இருக்கிற கொழுந்தனார். அவரை மத்தியானக் காட்சிக்கு சினிமாவுக்கு அனுப்பியாகிவிட்டது.

அனுப்பியாகிவிட்டது என்றால் என்ன, பிடித்தா தள்ளினாள்? காலையில் இட்லி வைக்கும்போது மெதுவாகத்தான் கேட்டாள். “தம்பி, இன்னைக்கு ஒரு படம் பாத்துட்டு வாங்களேன்.” வெயிலுமுத்து இட்லியைப் பிய்க்காமல் அவளை நிமிர்ந்து பார்த்தார். “என்ன படம் மதினி?” “எதாச்சும் ஓடும்ல.” அவர் இட்லியைச் சட்னியில் தோய்த்தார். “ஒண்ணு பாத்தாப் போதுமா, ரெண்டு பாக்கணுமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். “விளக்கு வச்சப்புறம் வந்தீகன்னாப் போதும். யாராச்சும் கேட்டா பக்கத்துத் தெருன்னு சொல்லிருங்க” என்று அவள் சொன்னதற்கு அவர் “சரி மதினி” என்றார். சரி மதினி. வேறு எதையும் அவர் இந்த வீட்டில் சொன்னதில்லை. ஒரு தடவையாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் இவளுக்கும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்க வசதியாக இருந்திருக்கும். அவருக்கு வலிப்பு உண்டு என்று தெரிந்தால் சாத்தூர்க்காரர்கள் வாசற்படி ஏறுவார்களா? பரம்பரையில் வருமோ, பேரப்பிள்ளைக்கு வருமோ என்றுதானே கேட்பார்கள்? அவள் பெண்ணைப் பெற்றிருந்தால் அவளும் கேட்டிருப்பாள். தரகர் வந்தபோது “வீட்ல நாங்க மூணு பேருதான்” என்று சொன்னது பொய் என்றாலும் வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, வாயில் அப்படி வந்துவிட்டது. வந்ததை அப்புறம் திருத்தவில்லை, அவ்வளவுதான். பொன்ராம் நேற்று போனில், “சித்தப்பா இருப்பாங்கள்லம்மா?” என்று கேட்டான். “இருப்பாக இருப்பாக” என்றாள். அதுவும் வாயில் வந்ததுதான்.

புத்தகம் அவன் வாங்கிக்கொடுத்தது. புத்தகக் கண்காட்சிக்குப் போனவன் அம்மாவுக்கு ஒரு டப்பாவும் அப்பாவுக்கு ஒரு பெல்ட்டும் சித்தப்பாவுக்கு இதுவும் வாங்கி வந்தான். முழுக்கப் படமாம், பெரியவர்கள் படிக்கிற படக்கதையாம். “இதுக்கு இவ்வளவு விலையாடா?” என்று அவள் கேட்டதற்கு அவன், “படிச்சுப் பாரும்மா, தனியா இருக்கிறவங்களைப் பத்தியும் குடும்பத்தைப் பத்தியும் ஒருத்தன் பத்து வருஷம் உக்காந்து வரைஞ்சது” என்றான். பத்து வருஷம் உட்கார்ந்து வரைகிறவனுக்குச் சோறு யார் போட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஏழாம் வகுப்போடு நின்றவள் அவள். எழுத்துக்கூட்டி வாரப்பத்திரிகை படிப்பாள், இங்கிலீஷ் என்றால் பஸ் பெயர்ப்பலகை அளவுக்கு. இதில் எழுத்தே கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் இங்கிலீஷ். ஒரு நிமிஷம் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கல்யாண ஆல்பத்தைத் திறப்பது போல மடியில் வைத்துத் திறந்தாள். கல்யாண ஆல்பத்தில் யாராக இருந்தாலும் முதலில் தன் முகத்தைத்தான் தேடுவார்கள், அதே பழக்கத்தில் அவள் கண்ணும் ஒரு பொம்பளையைத் தேடியது. கிடைத்தாள். குளிர் நாட்டு ஊர் ஒன்றில் உயரமான ஒரு வீடு, முன்சுவரைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டது போல எல்லா அறையும் தெரிகிறது, கீழே அடுக்களையில் தலைமுடியை உச்சியில் கொண்டை போட்ட ஒருத்தி பாத்திரம் துடைக்கிறாள். ஒவ்வொரு பக்கமும் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கை ஈரத்தைத் துடைக்கிறாள், துணியை மடிக்கிறாள், பல் விழுந்த பிள்ளை வந்து வாயைத் திறந்து காட்டுகிறது, புருஷன்காரன் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டுகிறான். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தத் தலையாட்டல் ஒன்றுதான் போல. துடைத்த துணியை அவள் அடுப்புக் கம்பியில் ஓரம் பிசகாமல் தொங்கவிட்டதைப் பார்த்து, நம்மைப் போலத்தான் இவளும், ஒரு சுருக்கம் இருந்தால் தூக்கம் வராது என்று நினைத்தாள். பிள்ளையின் பிறந்தநாள் வருகிறது. மாவைப் பிசைந்து கேக் அடுப்பில் வைக்கிறாள். விருந்தாளிகள் வருகிறார்கள், கோட்டைக் கழற்றி மாட்டுகிறார்கள். அவள் எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறாள், ஆனால் கழுத்து நரம்பு மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை எப்படி வரைந்தான் என்றுதான் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் மேலே தொங்குகிற விளக்கு ஆடுகிறது, கரண்டியும் கையுமாக ஒரு நிமிஷம் நிமிர்ந்து மேலே பார்க்கிறாள், அடுத்த கட்டத்தில் திரும்பவும் கிளறுகிறாள். காற்றாக இருக்கும். கேக் வெட்டுகிறார்கள். செண்பகவல்லி எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் உச்சியில், முதலில் மஞ்சளாகவும் பிறகு கருநீலமாகவும், ஒரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது. சேலைக்குக் கரை போடுகிற மாதிரி அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று அவள் அதைப் பார்க்கவே இல்லை.

ஒரு பக்கத்தைத் திருப்பியபோது அந்த நீலம் பக்கம் முழுக்க இறங்கியிருந்தது. கட்டமே இல்லை. கீழ்வீடு இல்லை, கேக் இல்லை, அந்தப் பொம்பளை இல்லை. இருட்டுக்குள் ஒரு கை தரையில் மல்லாந்து கிடந்தது. விரல்கள் பாதி மடங்கி. அவளுக்குப் புரியவில்லை. ஒரு பக்கம் பின்னால் போனாள். உச்சியில் இருந்த கரையைப் பார்த்தாள். அது கரை இல்லை. அதுவும் கட்டங்கள். அந்த வீட்டின் மேல்மாடி. இன்னும் பின்னால் போனாள். கேக் வெட்டுகிற பக்கத்தில் மேலே ஒரு ஆள் தரையில் கிடக்கிறான். அவள் திரும்பவும் கிளறுகிற பக்கத்தில் மேலே ஒரு ஆள் தரையில் கிடக்கிறான். இன்னும் பின்னால். விளக்கு ஆடிய கட்டத்துக்கு நேர் மேலே ஸ்டூல் சரிந்து கிடக்கிறது, அவன் கையில் ஒரு பல்பு. அதற்கும் முன்னால் அந்த அறை மஞ்சளாக இருக்கிறது, அவன் ஒற்றையாளாக உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறான், தோலைத் திரும்பவும் பழம் மாதிரியே கூட்டி வைத்துப் பார்க்கிறான், பல் விழுந்த பிள்ளையின் சத்தத்துக்குத் தரையில் காதை வைத்துக் கேட்கிறான். முதல் பக்கத்திலிருந்தே அவன் அங்கேதான் இருந்திருக்கிறான். முப்பது நாற்பது பக்கம் அவள் கீழ்வரிசையை மட்டும் வாசித்திருக்கிறாள். அடுக்களை இருந்தது, பொம்பளை இருந்தாள், பிள்ளை இருந்தது, போதும் என்று கண் அங்கேயே நின்றுவிட்டது. எழுத்துத் தெரியாமல் தப்பவிட்டால் படிக்காதவள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது படம். கண் இருந்தால் போதும்.

அந்தப் பொம்பளைமேல் கோபம் வந்தது. நிமிர்ந்து பார்த்தாயே, கரண்டியை வைத்துவிட்டு நாலு படி ஏறிப் பார்த்தால் என்ன, கேக் கருகியா போகும்? அந்த ஒரு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துப் பொம்பளையின் கண் மேலே இருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காற்று இல்லை என்று அவளுக்குத் தெரியும். செண்பகவல்லிக்கு அந்த வாய் எப்படித் திறந்திருக்கும் என்று உள்ளிருந்தே தெரிந்தது, தரகர் முதல்தடவை வந்த பங்குனி மாதத்து வெயிலும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் வந்துவிட்டது. தரகர் கூடத்தில் உட்கார்ந்து பொன்ராமின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இவள் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறாள், மேலே தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் கட்டில்கால் தரையில் தட்டுகிற மாதிரி டக் டக் டக்கென்று. தரகர் நிமிர்ந்து பார்த்தார். இவளும் நிமிர்ந்து பார்த்தாள். “மேல பூனை புழங்குது” என்றாள். அது வாயில் வந்தது இல்லை, யோசித்துச் சொன்னது. சண்முகவேல் கடைக்குப் போயிருந்தார். அதோடு விட்டாளா? அவசரப்படுகிற மாதிரித் தெரியக்கூடாது என்று, “இன்னும் அரை டம்ளர் காப்பி சாப்பிடுங்க” என்று தரகரை உட்கார்த்தி வைத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார். மேலே சத்தம் நின்றுவிட்டது, நின்றது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, அவள் தரகருடைய மகளின் பிரசவத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தெருமுனை திரும்பியபிறகு மாடிக்கு ஓடினாள். வெயிலுமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்திருந்தது. தரையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தாலேயே துடைத்திருந்தார், ஈரம் காயவில்லை. “கட்டில் இடிச்சிருச்சு மதினி” என்றார். “போயிட்டாரா?” என்றார். தரகர் வந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் பூனை என்று சொன்னதும் காதில் விழுந்திருக்குமா? வலிப்பு வந்த நேரத்தில் காது கேட்குமா? கேட்காது என்றுதான் நினைக்கிறாள். ஆனால் யாரிடம் கேட்பது? அவரிடமே எப்படிக் கேட்பது? இந்த ஒன்றை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

வெயிலுமுத்துவுக்கு வலிப்பு வந்து முதல்தடவை பார்த்தது கல்யாணமான வருஷம் ஐப்பசியில். கிணற்றடியில் விழுந்து அவர் கைகால் வெட்டி இழுத்ததும் யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், புதுப்பெண்ணான இவள் அடுக்களைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாத்தியதுதான். அதற்கப்புறம் கெட்டது என்று எதுவும் செய்ததில்லை. மூன்று வேளைச் சோறு, பண்டிகைக்குத் துணி, மாத்திரை தீர்வதற்குள் வாங்கி வைப்பது. ஊரில் கேட்டால் தங்கமான மதினி என்பார்கள். ஆனால் பொன்ராமுக்குக் காது குத்தியபோது குடும்பத்தோடு போட்டோ எடுக்கப்போகிற நேரம் பார்த்து, “தம்பி, சமையல் சாமான் ரூம்ல யாராச்சும் இருக்கணுமே” என்று சொன்னது யார்? அந்தப் போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் எல்லாரும் இருக்கிறார்கள். வெயிலுமுத்து எண்ணெய் டின்னுக்கும் பருப்பு மூட்டைக்கும் காவலாக உட்கார்ந்திருந்த அறை அந்தப் போட்டோவுக்கு வெளியே, வலதுகைப் பக்கம் பத்தடி தள்ளி இருக்கிறது. தினமும் அந்தப் போட்டோவைத் துணியால் துடைக்கிறாள்.

புத்தகத்தில் அந்த ஆள் என்ன ஆனான் என்று பார்க்கப் பயமாக இருந்தது. இருந்தாலும் திருப்பினாள். செத்துப்போகவில்லை. எழுந்து உட்கார்ந்தான். இருட்டிலேயே நாற்காலிக்கு ஊர்ந்தான், விடிந்தது, கீழ்வீட்டுப் பிள்ளை ஒரு தட்டில் கேக் துண்டு கொண்டுவந்து கதவைத் தட்டுகிறது. நெற்றிக் காயத்தைப் பார்த்து என்னவோ கேட்கிறது. அவன் வாய்க்குப் பக்கத்தில் ரெண்டே எழுத்து. ஓகே. அது அவளுக்குத் தெரியும், பொன்ராம் போனில் அனுப்புகிற அதே ரெண்டு எழுத்து. பாவி, சொல்லேன்டா, கீழே இருந்த நேரம் முழுக்க நான் விழுந்து கிடந்தேன் என்று சொல்லேன். சொல்லமாட்டான். அந்தக் கேக்கைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொடுப்பான். தியேட்டர் இருட்டுக்குள் இப்போது வெயிலுமுத்துவுக்கு வந்துவிட்டால்? நாற்காலிக்கு நடுவில் விழுந்தால் யார் பார்ப்பார்கள், திரையைத்தானே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மேலே சண்டைச் சத்தம், கீழே அவர் கால் தட்டுகிற சத்தம் யாருக்குக் கேட்கும்? போனை எடுத்துக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் சொன்னாள். தியேட்டரில் போனை அணைக்கச் சொல்லித் திரையில் போடுவார்கள், அதைப் பார்த்து நிஜமாகவே அணைக்கிற ஒரே ஆள் இந்தக் கோவில்பட்டியில் அவராகத்தான் இருப்பார். திரும்பவும் கூப்பிட்டாள். அதே பெண். புருஷனிடம் சொல்லித் தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னால்? “ஏட்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா, அவுக வார நேரத்துல” என்பார். அனுப்பச் சொன்னது அவரில்லை. “எங்கயாச்சும் போயிருந்தா நல்லதுதான்” என்று மட்டும்தான் சொன்னார். எல்லாத்தையும் பாதியில் நிறுத்துவார், மீதியைச் செய்கிறவள் இவள்.

கீழே கார் நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்து சாத்துகிற சத்தம், வளையல் சத்தம், “இந்த வீடுதான்” என்று ஒரு குரல். அது வெயிலுமுத்துவின் குரல். புத்தகத்தைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கினாள். சண்முகவேல் கேட்டைத் திறந்து பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். பெண்ணின் அப்பா அய்யாதுரை ஒரு காலிலிருந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். “உங்க தெருவக் கண்டுபிடிக்க ரெண்டு சுத்துச் சுத்திட்டோம் போங்க. இந்த அண்ணாச்சிதான் டீக்கடையில இருந்து எந்திரிச்சு காருக்கு முன்னாடியே நடந்து வந்து காட்டினாக. நல்ல மனுசன். அண்ணாச்சி இதே தெருவா?”

வெயிலுமுத்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. “பக்கத்துத் தெரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

“இல்ல” என்றாள் செண்பகவல்லி. “இவுக என் கொழுந்தனார். இங்க மாடியிலதான் இருக்காக.”

சண்முகவேல் செருமினார். அய்யாதுரை ஒற்றைச் செருப்போடு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “பக்கத்துத் தெருன்னாரே?”

வெயிலுமுத்து நின்று திரும்பினார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. மதினி தெரியாமல் எதையோ கீழே போட்டு உடைத்துவிட்டது போலவும் அதை அவர் பொறுக்க வேண்டியது போலவும் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். “சம்பந்தகாரங்கன்னா கொஞ்சம் வெளையாடக் கூடாதா? மாப்பிள்ளை வீடு தெரியாம நீங்க ரெண்டு சுத்துச் சுத்துனீகள்ல. சரி, நம்ம பங்குக்கு ஒரு சுத்து விடுவோம்னு பாத்தேன்.”

“ஆத்தாடி, வாசல்லயே ஆரம்பிச்சுட்டாகளே” என்று பெண்ணின் அம்மா சிரித்தாள். அய்யாதுரை உரக்கச் சிரித்துக்கொண்டே மற்றச் செருப்பையும் கழற்றினார். எல்லாரும் உள்ளே போனார்கள். கேட்டைச் சாத்துகிற சாக்கில் வெயிலுமுத்து அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். “படம் ஓட்டலை மதினி. ஏழு பேருதான் வந்திருந்தோம், ஆளு பத்தலைன்னுட்டான். நான் டீக்கடையிலயே இருந்திருக்கணும். நம்ம வீட்டத் தேடுறாகன்னதும் எந்திரிச்சிட்டேன். தப்புத்தான்.” தப்பு என்று அவர் சொல்கிறார். “உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னாள், அவர் முன்னால் போகும்வரை நகராமல் நின்றாள்.

கூடத்தில் வெயிலுமுத்துவுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். வடையும் கேசரியும் வைத்தாள். சிரிப்பு இன்னும் ஓயவில்லை, சாத்தூரிலிருந்து வந்த வழியைப் பற்றி வெயிலுமுத்துவிடம் அய்யாதுரை சொல்லிக்கொண்டிருந்தார். பாதிதான் சொல்லியிருக்கிறோம், மீதியை இந்தச் சிரிப்பு மூடிவிட்டது, இப்படியே விட்டால் இவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள், கை நனைந்துவிடும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. முடியட்டுமே. பிள்ளைக்கு முப்பது ஆகப்போகிறது. இன்னொருத்தி பெற்ற பிள்ளை நாளைக்கு இந்த வீட்டுக்கு வந்து, மேலே சத்தம் கேட்டு, யாரிடம் கேட்பாள்? அய்யாதுரை வடையைப் பிட்டார்.

“சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிருதேன்” என்றாள். “இவுகளுக்கு வலிப்பு உண்டு. தரகர்கிட்ட நான் மறைச்சிட்டேன். எம் மகன் மறைக்கல, நாந்தான்.”

சண்முகவேல் தரையைப் பார்த்தார். வெயிலுமுத்துவின் காது சிவந்துவிட்டது, தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். அவர் உடம்பைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சபையில் போட்டுவிட்டோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெண்ணின் அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். அய்யாதுரை பிட்ட வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, செண்பகவல்லியைப் பார்க்காமல் வெயிலுமுத்துவின் பக்கம் திரும்பினார்.

“எத்தனை வருசமா அண்ணாச்சி?”

“பதினாறு வயசுல இருந்து.”

“வந்துச்சுன்னா கூட இருக்கவங்க என்ன செய்யணும்?”

இருபத்தேழு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

“ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றார். “பக்கத்துல ஒரு ஆளு இருந்தாப் போதும்.”